கன்னிமூலையில் சாய மண்

கடப்பாரையை நானே வாங்கிக் குத்திப் பார்த்தேன்.

அதுவரை எங்கள் புது வீட்டு அஸ்திவாரத்துக்குத் தோண்டிய கடைக்கால் பள்ளத்தில் நான் இறங்கியதில்லை. சுடிதார் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு இறங்கினேன். இரண்டு கையாலும் ஓங்கிக் குத்தினேன். ஓங்கவே தேவையிருக்கவில்லை. சூடான கேழ்வரகுக் களியில் கரண்டி இறங்குவதுபோல இரும்பு தன் பாட்டுக்கு இறங்கியது. ஒரு சாண், ஒரு முழம், அதற்கு மேலும். எங்கேயும் போய் முட்டவில்லை.

இழுத்து வெளியே எடுத்தபோது முனையில் ஒட்டிக்கொண்டு வந்த மண் சிவப்பாக இருந்தது. செம்மண்ணின் சிவப்பு இல்லை, லுங்கிக் கரையின் சிவப்பு. அதற்குக் கீழே ஒரு வரி பச்சை, ஒரு வரி நீலம். நடுநடுவே மக்கிப்போன நூல். புளித்த கஞ்சியில் மண்ணெண்ணெய் ஊற்றியது மாதிரி ஒரு வாடை.

மேலே நின்றிருந்த தேவராஜ் மேஸ்திரி குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டதுதான். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் நான் எழுதிய ஒப்பந்தம் நாலாக மடித்து இருந்தது.

"மேடம் எழுதின பேப்பர்ல நாலடின்னுதான் கீது. நாலடி தோண்டிட்டேன். இங்க மண்ணு சரியில்ல. இன்னும் போவணும்னா சொல்லுங்க. இல்லாங்காட்டி நாளைக்கு ஜல்லி போட்டுடுவேன்."

முதல் சில நாட்கள் அவர் என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்துதான் 'மேடம்'.

கீழே தறி, மேலே நாங்கள்

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சம் வருவதில்லை. நாலாவது படிக்கும்போது நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்தேன். அவர் அதை எழுதுவதில்லை, வரைவார். லுங்கிக் கரையில் டிசைன் விழுவதுபோல ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரும். அதில் எந்த எழுத்து எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பொதட்டூர்பேட்டையில் வாடகைக் கொட்டகையில் இரண்டு விசைத்தறி போட்டு லுங்கி நெய்துகொண்டிருந்தார். கொட்டகைக்காரர் இடத்தைக் கேட்டதும், திருத்தணி ஊர் முடிகிற இடத்தில், பொதட்டூர்பேட்டை போகும் சாலையோரம் ஒரு மனை வாங்கினோம். மனையில் நின்றால் மலைக்கோயில் படிக்கட்டின் மேல்பாதி தெரியும். கீழே தறி, மேலே நாங்கள் என்று திட்டம்.

விசைத்தறி ஓடும் இடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். தரை சும்மா இருக்காது. கொட்டகையில் அம்மா டீ டம்ளரைத் தறிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினால், அது நடந்து இரண்டு விரல் தள்ளிப் போயிருக்கும். அந்த ஆட்டத்தின் மேல்தான் நாங்கள் படுத்துத் தூங்கப்போகிறோம்.

அதனால் கடைக்கால் விஷயத்தில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பயம் இருந்தது. பயம் சரியானதுதான். அதை எந்தப் பக்கம் திருப்பினேன் என்பதில்தான் தப்பு.

அத்தை வீட்டுப் பள்ளம்

நான் பயந்தது மண்ணைப் பார்த்து இல்லை, மேஸ்திரியைப் பார்த்து.

ஆர்.கே.பேட்டையில் என் அத்தை வீடு கட்ட ஆரம்பித்தபோது எல்லாமே வாய்ப்பேச்சு. பள்ளம் எடுத்த மேஸ்திரி வேறு ஊரில் வேறு வேலை கிடைத்ததும் போய்விட்டார். ஐப்பசி மழை முழுக்க அந்தப் பள்ளம் திறந்தே கிடந்தது. பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் ஒரு காலையில் அதற்குள் சரிந்து விழுந்தது. பஞ்சாயத்தில் உட்கார்ந்து, என்ன பேசினீர்கள் என்று கேட்டால், மாமா ஒன்று சொன்னார், மேஸ்திரி ஒன்று சொன்னார், கூட இருந்த சாட்சி மூன்றாவதாக ஒன்று சொன்னார். யார் வாயையும் திறந்து பழைய பேச்சை எடுத்துப் பார்க்க முடியவில்லை.

நான் அப்போது கல்லூரி முடித்து, பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். நாள் முழுக்க வடக்கு தெற்கு இத்தனை அடி, கிழக்கு மேற்கு இத்தனை அடி. அளவை எண்ணாலும் எழுத்தாலும் போடவேண்டும், 'சுமார்' என்ற சொல் எங்கேயும் வரக்கூடாது என்பது எங்கள் ஆபீஸ் பாடம்.

நம் வீட்டுக் கடைக்காலுக்கு ஒப்பந்தம் எழுதியே தீருவது என்று சொல்லிவிட்டேன். நைனாவுக்கு ஒரே பெருமை. சாலையில் போகிறவர்களை நிறுத்தி, "எங்க பொண்ணு அக்ரிமெண்ட் எழுதுது" என்றார்.

கெட்டி மண் என்றால் எத்தனை அடி

எங்கள் பக்கத்தில் கடைக்கால் பேசும் முறை ஒன்று உண்டு. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வீட்டுக்காரர் சொல்வார்: "கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் தோண்டணும்." மேஸ்திரி சொல்வார்: "ஆங், வர்ற வரைக்கும்." அவ்வளவுதான். நான் பார்த்த எல்லா வீட்டிலும் இந்த இரண்டு வரியைச் சொல்லாமல் யாரும் மண்வெட்டியைத் தொட்டதில்லை.

எனக்கு அது ஏமாற்றுவதற்கென்றே செய்து வைத்த பேச்சாகத் தெரிந்தது. கெட்டி என்று யார் சொல்வது? இரண்டடியில் நிறுத்திவிட்டு இதுதான் கெட்டி என்றால் என்ன செய்வது? அந்தச் சாலையில் கட்டிய ஐந்து வீட்டில் போய் விசாரித்தேன். ஐந்து வீட்டிலும் நாலடி என்றார்கள். நாலடி என்று எழுதினேன். எண்ணாலும் எழுத்தாலும்.

முத்திரைத்தாளில் கையெழுத்தானது எங்கள் ஆபீஸுக்கு எதிர் டீக்கடையில். தேவராஜ் மேஸ்திரி நகரிப் பக்கத்து ஆள். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் படிப்பது தெலுங்கு மட்டும். அதனால் முழுவதையும் நான்தான் படித்துக் காட்டினேன். கடைக்கால் அகலம், கருங்கல் கட்டு, ஜல்லி கனம், நாற்பது நாளுக்குள் முடிக்கவேண்டும் என்று வரிசையாக. வேகமாகப் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்திரம் படிக்கிற வேகம். அப்படிப் படிக்கும்போது கேட்கிறவர்கள் முகத்தில் வரும் மரியாதை எனக்குப் பிடிக்கும்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கெட்டி மண்ணுன்னு போடலியா பாப்பா?"

"கெட்டி மண்ணுன்னா எத்தன அடி? அளவு சொல்லுங்க, போட்டுடறேன். அளவு இல்லாதத பேப்பர்ல எழுத முடியாது."

அவர் நைனாவைப் பார்த்தார். நைனா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி டீயைக் குடித்து முடித்துவிட்டுத் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார்.

"சரிங்க மேடம்" என்றார்.

பேப்பரின் முதுகில்

மறுபடியும் பள்ளத்துக்கு வருகிறேன்.

நான் நின்றிருந்தது கன்னிமூலை, அதாவது தென்மேற்கு. வீட்டின் பாரம் அங்கேதான் இருக்கவேண்டும் என்பார்கள். அதற்காகவே நைனா பெரிய தறியை அந்த மூலையில் போட நினைத்திருந்தார். மற்ற மூன்று மூலையிலும் நாலடியில் சரளை மண் வந்து கடப்பாரை துள்ளியது. இங்கே மட்டும் இப்படி.

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. வேலையை இழுக்கப் பார்க்கிறார். அளவைக் கூட்டி ரேட்டைக் கூட்டுவதற்கு வழி பார்க்கிறார். காகிதம் கையில் இருப்பதே இதற்காகத்தான்.

"பேப்பர்ல இருக்கிற மாதிரி பண்ணுங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பேப்பரைத் திருப்பி வெறும் பக்கத்தைக் காட்டினார். "அப்டின்னா இங்க ஒண்ணு எழுதுங்க மேடம். கன்னிமூலையில மண்ணு இளக்கம்னு மேஸ்திரி சொன்னாரு, நாலடியே போதும்னு வூட்டுக்காரர் சொன்னாருன்னு. நாளைக்கு செவுரு வாய பொளந்தா என் தல உருளக்கூடாது."

எழுதினேன். மண் ஒட்டிய விரலாலேயே பேனாவைப் பிடித்து எழுதினேன். தமிழ் படிக்கத் தெரியாத ஆளிடம் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை என்பதில் அப்போது ஒரு பெருமைகூட இருந்தது. "நான் சொன்னததான எழுதினீங்க?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

மனை நைனா பெயரில் இருக்கிறது. கையெழுத்து அவர்தான் போடவேண்டும். சாலைக்கு அந்தப் பக்கம் செங்கல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பரை எடுத்துக்கொண்டு போனேன்.

"இன்னாது?" என்றார்.

"ஒண்ணுமில்ல நைனா. மேஸ்திரி ஒரு குறிப்பு கேட்டாரு."

"நீ பாத்துட்டியா?"

"ஆங்."

செங்கல் லாரியின் பக்கப் பலகையில் பேப்பரை வைத்துத் தன் டிசைனை வரைந்தார். மேஸ்திரிக்குப் படித்துக் காட்டிய நான், நைனாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

விரலில் நின்ற நிறம்

சோப்பு போட்டேன், சாம்பல் போட்டேன், புளி போட்டுத் தேய்த்தேன். நகக்கண்ணில் ஏறிய சிவப்பு போகவில்லை. சோறு போட்டுக்கொண்டே அம்மா என் கையைப் பார்த்தார். சாயம் ஏது என்று கேட்டார். மண் என்றேன்.

"மண்ணுல சாயம் எப்டிடி வரும்?" என்றார்.

நான் ஏன் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை? தறிக்காரர் பெண். சாயத்தைப் பார்த்தே வளர்ந்தவள். மூன்று நிற மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மேஸ்திரியின் எண்ணத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை, ஆபீஸ் போகும் வழியில் மனைக்கு எதிரில் இட்லி விற்கும் பெண்மணியிடம் போய், அந்த மண்ணில் சாயம் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"அங்க சாயப்பட்டற இருந்துச்சுல்ல, உனக்குத் தெரியாதா? அந்த மூலையிலதான் குழி வெட்டி சாயத்தண்ணி வுட்டுகினு இருந்தாங்க. ஒரு ஆள் ஆழத்துக்கு மேலயே இருக்கும். மூடும்போது நூல் கழிவையும் குப்பையையும் போட்டு மேல மண்ண தள்ளிட்டாங்க."

மேஸ்திரிக்கு இந்தக் கதை தெரியுமா என்று கேட்டேன். தோண்டின அன்றைக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனதாகச் சொன்னார். "உங்க வூட்ல சொல்லலியா அவரு?"

சொன்னார். மண் இளக்கம் என்றார், நான்தான் நாலடியே போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆபீஸில் போய் உட்கார்ந்து ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் அடிக்க ஆரம்பித்தேன். விசைப்பலகையில் சிவந்த நகங்கள் போய்வந்துகொண்டிருந்தன. அடித்த வரியைத் திரும்பப் படித்தால் எதுவும் மண்டையில் ஏறவில்லை. கண்ணில் நின்றது வேறு. தறி ஓடுகிறது. டம்ளர் நகர்கிறது. மேலே அம்மா மதியத் தூக்கம். மூலை ஒரு விரல்கடை இறங்குகிறது, பிறகு இன்னொரு விரல்கடை. விசாரிக்க வருகிறவர்கள் கையில் ஒரு பேப்பர். அதன் முதுகில் என் எழுத்து, கீழே நைனாவின் டிசைன்.

வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மனைக்கு ஓடினேன்.

ஈசானியிலிருந்து கன்னிக்கு

என்னைக் காப்பாற்றியது எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றுதான். கடைக்கால் வேலை எதையும் ஈசானி மூலையில்தான் தொடங்குவார்கள். வடகிழக்கில் பூஜை போட்டு, அங்கிருந்து சுற்றிக்கொண்டு கடைசியாகத்தான் கன்னிமூலைக்கு வருவார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. சித்தாள்கள் சட்டி சட்டியாக ஜல்லிக் கலவையைக் கொட்டிக்கொண்டு வந்தார்கள். கன்னிமூலைக்கு இன்னும் பத்து, பன்னிரண்டு அடி பாக்கி. மலைக்குப் பின்னால் வானம் கறுத்துவிட்டது. மழைக்கு முன் முடித்துவிடவேண்டும் என்று எல்லோர் காலிலும் ஓட்டம்.

"நிறுத்துங்க" என்றேன். மிஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேஸ்திரி பார்த்துவிட்டு மிஷினை அணைக்கச் சொன்னார்.

அவரிடமிருந்து பேப்பரை வாங்கினேன். நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். சித்தாள்கள் இரண்டு பேரும் சட்டியை இறக்கிவைக்காமல் நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் முதுகுப் பக்கத்தைப் படித்தேன். முதல்முறையாக மெதுவாகப் படித்தேன். பிறகு சாயக்குழியைச் சொன்னேன். கெட்டி மண் என்று எழுதவேண்டிய இடத்தில் நாலடி என்று எழுதியது நான், மேஸ்திரி சொல்லியும் கேட்காதது நான் என்றும் சொன்னேன்.

நைனா பேப்பரை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார். மேலே இருந்த வரிகளைக் கட்டைவிரலால் தடவினார்.

"இதுதான் நேத்து நான் போட்டதா?"

"ஆங் நைனா."

"படிச்சு காட்டியிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

மேஸ்திரி பக்கம் திரும்பினார். "கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் தோண்டணும்."

"ஆங், வர்ற வரைக்கும்" என்றார் மேஸ்திரி. பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா வாயால சொன்னா பத்தாது. மேடம் எழுதட்டும். நான் பேப்பருக்குப் பழகிட்டேன்."

சித்தாள்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. முந்தின நாள் வரிகளைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே எழுதினேன்: கன்னிமூலையில் கெட்டி மண் வரும் வரை தோண்டவேண்டும். கூடுதல் ஆழத்துக்கு அடிக்கணக்கில் கூலி. முன் எழுதியது செல்லாது. நைனா பேனாவை வாங்கவில்லை.

"படி" என்றார்.

படித்தேன். அப்புறம்தான் போட்டார்.

பள்ளம் எடுத்த ஜேசிபி ஏற்கெனவே வேறு இடத்துக்குப் போய்விட்டது. மேஸ்திரியே மண்வெட்டியோடு இறங்கினார். ஐந்தடி, ஐந்தரை. சட்டியில் மேலே வந்ததெல்லாம் நிறம். கருஞ்சிவப்பு, மயில்கழுத்து நீலம், பிறகு எல்லாம் கலந்த கறுப்பு. ஆறடியில், மேலிருந்து எட்டிப் பார்த்தால் அவர் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. முதல் தூறல் விழுந்தது.

அப்போதுதான் பள்ளத்தின் பக்கச் சுவர் பிளந்தது. சத்தமே இல்லை. ஈரத்துணி கொடியிலிருந்து நழுவுவதுபோல மண் நழுவி அவர் இடுப்பு வரை வந்து நின்றது. அவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். மண்வெட்டியின் பிடி மட்டும் மண்ணுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது.

அதுவரை நான் பயந்ததெல்லாம் என்றைக்கோ விழப்போகிற சுவருக்கு. இப்போது கண்ணெதிரே ஒரு ஆள். நைனா குப்புறப் படுத்துக் கையைக் கொடுத்தார். நானும் படுத்தேன். மேஸ்திரியின் இன்னொரு மணிக்கட்டு எனக்குக் கிடைத்தது. ஈரத்தில் வழுக்கியது. சித்தாள்கள் எங்கள் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் இழுத்தோம் என்று தெரியாது. ஒரு செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு அவர் மேலே வந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே வேட்டி முழுக்க மூன்று நிறத்தில் இருந்தது.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். எழுந்து உட்கார்ந்து, "பலகை கொண்டாங்க" என்றார். "முட்டுக் குடுத்துட்டுத்தான் எறங்கியிருக்கணும். எம் புத்தியும் அவசரத்துல போச்சு."

இரண்டு பக்கமும் சென்ட்ரிங் பலகை நிறுத்தி, குறுக்கே சவுக்குக் கட்டை அடித்து, மழையிலேயே மறுபடி தோண்டினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். ஏழடி தாண்டிய பிறகு கடப்பாரை துள்ளியது. அந்தச் சத்தம் எனக்குப் பாதத்தில் கேட்டது.

பென்சில் கோடு

வீடு கட்டியாயிற்று. பெரிய தறி கன்னிமூலையில்தான் ஓடுகிறது. அதற்கு நேர் மேலே உள்ள அறையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மா காற்று வராது என்றார். எனக்குக் காற்று முக்கியமாகப் படவில்லை.

அந்த மூலையில் ஜன்னலுக்குக் கீழே தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் இருக்கிறது. பூச்சு காயும்போது வருவதுதான், எல்லா வீட்டிலும் உண்டு என்கிறார் தேவராஜ் மேஸ்திரி. இருக்கலாம். விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் தினமும் காலையில் எழுந்ததும் முதலில் அதைப் பார்ப்பேன். இதுவரை கோட்டைத் தாண்டவில்லை.

போன வாரம் தறிக்கு மின் இணைப்பு சம்பந்தமாக ஒரு விண்ணப்பம். ஒரே பக்கம். பூர்த்தி செய்து எடுத்துக்கொண்டு கீழே போனேன். முன்பெல்லாம் நைனா தறி ஓட ஓடவே, "நீ பாத்துட்டியா?" என்று கேட்டுவிட்டு வாங்கிப் போட்டுவிடுவார். இப்போது இரண்டு தறியையும் நிறுத்துகிறார். தறி நின்றதும் வீடு முழுக்க ஒரு அமைதி வரும். அந்த அமைதியில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, "படி" என்கிறார்.

ஒரு வரி விடாமல் படித்தேன். முடித்துவிட்டுப் பேனாவை நீட்டினேன்.

"பின்னாடி?" என்றார்.

தாளைத் திருப்பிக் காட்டினேன். வெறும் பக்கம். வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, கையெழுத்தை வரைய ஆரம்பித்தார்.